பழைய வேனின் பின்னிருக்கையில் சீட் பெல்ட் பொருத்துவது எப்படி: உப்புக்காற்று ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு மெட்டடோர் வேன் கைக்கு வந்தபோதே அதன் பின்னிருக்கையில் இரண்டு சீட் பெல்ட்டுகள் இருந்தன; பக்கிளில் சொருகினால் ‘கிளிக்’ என்று பூட்டவும் செய்தன. இரவில் படுக்கையாக விரியும் அந்த நீள இருக்கையை வார்னிஷ் அடிப்பதற்காகக் கழற்றிய அன்றுதான், அந்த பெல்ட்டுகளின் போல்ட்டுகள் வண்டியின் இரும்பைத் தொடவே இல்லை என்பதும், 12 மில்லிமீட்டர் பிளைவுட் பெட்டியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள வாஷரை வைத்து முறுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தது. பெட்டியைப் பட்டறைத் தூணோடு கட்டி, பெல்ட்டில் செயின் பிளாக்கை (சங்கிலியால் பாரம் இழுக்கும் கருவி) மாட்டி இழுத்தபோது, நான்கைந்து இழுப்பிலேயே வாஷர் பலகைக்குள் புதைந்து மறுபக்கம் வந்து விழுந்தது. “அண்ணாச்சி, இது பிடிக்கதுக்கு இல்ல, காட்டுகதுக்கு மாட்டுனது” என்றார் உடனிருந்த டிங்கர், வண்டித் தகட்டு வேலைக்காரர்.

பின்னிருக்கை பெல்ட் வேலையில் பெல்ட் வாங்குவது பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கும் அது வண்டியின் எந்த இரும்பில், எந்தக் கோணத்தில், எவ்வளவு பரப்பில் பிடித்திருக்கிறது என்பதைப் பற்றியது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் முதல் சின்னமுட்டம் வரை கடற்காற்றில் நின்று பழகிய வண்டிகளுக்கு, அந்த இரும்பு உண்மையிலேயே இரும்பாக மிஞ்சியிருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

விசையின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலாவது மோதி, முன்பகுதி நசுங்கியதும் பெல்ட் நீண்டதுமாகச் சேர்த்து 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறார் என்று கொண்டால், அவரைப் பிடித்து நிறுத்தச் சராசரியாக ஏறத்தாழ 13,500 நியூட்டன், அதாவது சுமார் 1,370 கிலோ பாரத்துக்கு நிகரான இழுவிசை வேண்டும். ஐக்கிய நாடுகளின் 14-ஆம் எண் வாகன விதியும், மூன்று முனை பெல்ட் (தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்க மூன்று இடங்களில் மாட்டுவது) உள்ள கார் இருக்கையின் பிடிமானங்களைச் சோதிக்கும்போது தோள் பகுதிக்கு 13,500 நியூட்டனும் இடுப்புப் பகுதிக்கு 13,500 நியூட்டனும் ஒரே நேரத்தில் கொடுக்கச் சொல்கிறது. இடுப்பு பெல்ட் மட்டுமே என்றால் 22,250 நியூட்டன். ஓட்டுநரின் காலடிக்கு முன்னால் நசுங்குவதற்கு இடமே இல்லாத தட்டை மூக்கு வேன்களில் நிற்கும் தூரம் இன்னும் குறைவு. ஆகவே விசை இன்னும் அதிகம்.

எந்த இருக்கைக்கு, எந்த இருக்கைக்குக் கூடாது

முன்னோக்கிப் பார்க்கும் இருக்கைக்கு மட்டும் பெல்ட் போடுங்கள். பக்கவாட்டில் போடப்பட்ட பெஞ்சில் தோள் பெல்ட் மாட்டினால், மோதலின்போது உடல் பக்கவாட்டில் சாய்ந்து பெல்ட் கழுத்தில் ஏறும். அங்கே இடுப்பு பெல்ட்டும் அரைகுறைக் காவல்தான். அந்தப் பெஞ்சு வண்டி நிற்கும்போது தேநீர் குடிக்க மட்டும் என்று வீட்டில் ஒரு விதி வைத்துவிடுவதே சரி. திருமணத்துக்குப் போகும்போது அந்த விதியைக் காப்பாற்றுவது பெல்ட் மாட்டுவதைவிடக் கடினம் என்பது எனக்கும் தெரியும்.

இருக்கையையும் பெல்ட்டின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். பெட்டி தரையோடு போல்ட் போடப்படாமல் வெறுமனே வைக்கப்பட்டிருந்தால், மோதலில் அதுவும் பின்னாலிருந்து வந்து பயணியைத் தள்ளும். அப்போது பெல்ட் அவருடைய எடையையும் பெட்டியின் எடையையும் சேர்த்துச் சுமக்கும். மெத்தை பஞ்சு போல் மிருதுவாகவும் தட்டையாகவும் இருந்தால் உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவி, இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றில் ஏறிவிடும். இருக்கையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிடச் சற்று உயர்ந்திருப்பதும், மெத்தை இறுக்கமான ஃபோமாக இருப்பதும் அவசியம். எதிரே மடக்கு மேசை இருந்தால் ஓடும்போது அதைக் கழற்றிக் கட்டி வையுங்கள். பின்னால் அடுக்கும் சாமானையும் மறக்கக் கூடாது: மேலே சொன்ன அதே மோதலில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏறத்தாழ 390 கிலோ விசையோடு முதுகில் வந்து இடிக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே பெல்ட் மாட்டுகிறேன் என்று இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடாதீர்கள். விதிப்படி பெல்ட் வழங்கப்பட்ட வண்டியில், முன்னோக்கிய பின்னிருக்கையில் இருப்பவரும் அதை அணிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138(3) கூறுகிறது. 194பி பிரிவின்படி அணியாததற்கு அபராதம் 1,000 ரூபாய். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஆய்வாளர் முன் நிறுத்தத்தான் போகிறீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களும் ரசீதுகளும் ஒரு கோப்பில் இருந்தால் அங்கே விளக்கம் சொல்ல எளிது.

வண்டிக்கு அடியில் ஒரு காலைப்பொழுது

வேலையின் கனமான பகுதி இதுதான், அவசரப்படாதீர்கள். தரையில் விரித்த ரப்பர் மேட், அதற்குக் கீழே உள்ள சணல் அல்லது ஃபெல்ட், ஒட்டுப்பலகை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாமல் கனமான ஸ்டாண்டுகளில் ஏற்றி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, ஒரு டார்ச்சும் மழுங்கிய ஸ்க்ரூடிரைவரும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள்.

நல்ல தகட்டைச் சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று மணி போல் ஒலிக்கும். துரு தின்ற தகடு ‘பொத்’ என்று சொல்லும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கள் வேனில் வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால், துருவைத் தடுக்க அடியில் பூசும் கறுப்பு அண்டர்கோட்டிங் பளபளவென்று இருந்த இடத்தில், ஸ்க்ரூடிரைவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே எடுத்தபோது தேயிலைத் தூள் போன்ற துரு என் கண்ணாடி மேல் கொட்டியது. மேல்பூச்சு மட்டும் நின்றிருக்க, உள்ளே தகடு இல்லை. வாங்கும்போது கேட்காத கேள்வியை அன்று கேட்டோம்: இந்த வண்டி முன்பு மீன் ஏற்றியதா? ஏற்றியிருந்தது. பனிக்கட்டி உருகிய உப்புநீர் ஆண்டுக்கணக்கில் தரையின் மடிப்புகளில் தங்கிய வண்டிக்கு, கரையில் நின்ற வண்டியைவிடத் துரு அதிகம். அதுவும் உள்ளிருந்து வெளியே வரும் துரு.

துரு கண்ட இடத்தின் மேல் தகடு வைத்து ஒட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் நிறைய. பெல்ட் பிடிமானம் வரும் இடத்தில் மட்டும் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பளபளப்பான உலோகம் தெரியும் வரை துருத் தகட்டை வெட்டி எடுத்து, அதே கனத்திலோ சற்றுக் கூடுதல் கனத்திலோ புதுத் தகட்டைச் சுற்றிலும் வெல்டிங் செய்து, அது ஆறி, வர்ணம் அடித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். பட்டி பூசி மட்டம் செய்த தரையில் போல்ட் போடுவது எங்கள் பிளைவுட் பெட்டியின் கதைதான்.

அடியில் இருக்கும்போதே மற்ற மூன்றையும் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்: அடிச்சட்டமும் அதன் குறுக்குச் சட்டங்களும் எங்கே ஓடுகின்றன, பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் எங்கே செல்கின்றன, டேங்க் எங்கே இருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் 1967-இல் வந்த இரண்டாம் தலைமுறை வேன் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அதில் எஞ்சின் பின்னால் இருக்கிறது, எஞ்சினுக்கு முன்னால், பின்னிருக்கைப் பெட்டி சாயும் தகட்டுச் சுவருக்கு அப்புறமே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. அந்தச் சுவரில் கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டால் ட்ரில் முனை போய் நிற்கும் இடம் டேங்க்தான்.

துளை போடும் முன் இன்னொன்றையும் தேடுங்கள். சில வண்டிகளில் தொழிற்சாலையிலேயே பெல்ட்டுக்கான மரையுள்ள துளைகள் வைக்கப்பட்டு, பிளாஸ்டிக் மூடியாலோ உள்ளலங்காரப் பலகையாலோ மறைக்கப்பட்டிருக்கும். அவை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மரையைத் துடைத்து, சுற்றியுள்ள தகட்டையும் மேலே சொன்னபடி தட்டிப் பார்த்துவிட்டு அவற்றையே பயன்படுத்துங்கள்.

பெல்ட்டைத் தேர்ந்தெடுத்தல்

இன்று எல்லாக் கார்களிலும் உள்ள மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்தார். இடமுள்ள ஒவ்வொரு இருக்கைக்கும் அதுவே முதல் தேர்வு. தோள் முனைக்குப் பலமான தூண் இல்லாத நடு இருக்கைக்கு மட்டும் இடுப்பு பெல்ட். அது பெல்ட்டே இல்லாமல் இருப்பதைவிட மேல்தான். ஆனால் சிறுவர்களை அங்கே உட்கார வைக்காதீர்கள், பட்டை வயிற்றில் ஏறும் ஆபத்து அவர்களுக்கே அதிகம்.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பெல்ட்டை வாங்கக் கூடாது. விபத்தில் ஒரு முறை இழுபட்ட நாடா நீண்டு, இழைகள் உள்ளே அறுந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புதிய பெல்ட்டில் தரச் சான்று முத்திரை தைக்கப்பட்டிருக்க வேண்டும்; இந்தியத் தயாரிப்பில் ஐ.எஸ். 15140 என்ற எண்ணைத் தேடுங்கள். தானாகச் சுருட்டிக்கொள்ளும் ரீல் உள்ள பெல்ட் வாங்கும்போது, அந்த ரீல் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்று கடைக்காரரிடமே கேட்டு, அதனுடன் வரும் தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். ரீலுக்குள் வண்டியின் அசைவை உணரும் ஒரு சிறு குண்டு இருக்கிறது. நேராக நிற்க வேண்டிய ரீலைச் சாய்த்து மாட்டினால் குண்டு நகர்ந்து பெல்ட் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அல்லது பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாது.

கட்டில் நாடாவால் அளவெடுத்தல்

அளவெடுக்க டேப்பைவிட உதவியது, நாடாக் கட்டிலுக்குப் பின்னுகிற பருத்தி நாடா. அதன் அகலம் சீட் பெல்ட்டுக்கு ஏறத்தாழ ஒத்திருக்கிறது. அளவெடுக்க மட்டும்தான், அந்த நாடாவையோ லாரியில் சரக்குக் கட்டும் பட்டையையோ பெல்ட்டாக மாற்றும் யோசனை வேண்டாம்.

இருக்கையை அதன் இடத்தில் தற்காலிகமாகப் பொருத்தி, வீட்டில் மிக உயரமானவரையும் மிகக் குட்டையானவரையும் மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். எங்களுக்கு ஆறடி மைத்துனரும் ஐந்தடிக்குக் குறைந்த அத்தையும் கிடைத்தார்கள். அத்தை உட்கார்ந்த பிறகே தோள் முனையை எட்டு சென்டிமீட்டர் மாற்றினோம். நாடாவை இடுப்பில் வைத்து, இருபுறமும் தரையை நோக்கி இழுத்துப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பின்னிருக்கையில் இடுப்புப் பட்டை தரை மட்டத்தோடு 30 முதல் 80 டிகிரி வரை சாயலாம் என்று முன்பு சொன்ன ஐக்கிய நாடுகளின் விதி இடம் கொடுக்கிறது. நான் 45-க்குக் கீழே இறங்க விடுவதில்லை, ஏனெனில் பட்டை படுத்துக்கொண்டே போனால் உடல் அதற்கடியில் நழுவும். ஒரு பயணியின் இரு கீழ்முனைகளுக்கும் நடுவே குறைந்தது 350 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நடு இருக்கைக்கு மட்டும் 240 வரை போகலாம்.

தோள் முனை எப்போதும் தோளின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்க வேண்டும். அது தோளுக்குக் கீழே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் தரையில் இருந்தால், மோதலின்போது பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பையே நசுக்கும். பட்டை கழுத்தை உரசாமல், தோளின் முனையிலிருந்தும் வழுக்காமல், காறையெலும்பின் நடுவே செல்லுமாறு முனையைப் பக்கவாட்டில் நகர்த்திக் குறியுங்கள். பழைய வேன்களில் ஜன்னலுக்கு இடையிலான தூண், இரண்டு மெல்லிய தகடுகளை மடித்துச் சேர்த்த வெற்றுப் பெட்டிதான். அதன் வெளித்தகட்டை நம்பாமல், உள்ளே தகடு நுழைத்து வலுவூட்ட முடிகிற இடத்தில்தான் குறி வைக்க வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைக்காத வண்டிக்கு, பெல்ட் பிடிமானங்கள் தன்னிடமே உள்ள, சோதிக்கப்பட்ட இருக்கைச் சட்டத்தை வாங்கிப் பொருத்துவதே வழி. பட்டறையில் ஆங்கிள் இரும்பு வளைத்துத் தோள் கம்பம் செய்து தருகிறேன் என்பவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தகடும் துளையும்

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தரைத்தகடு 1,300 கிலோ இழுப்பைத் தனியாகத் தாங்காது. போல்ட்டைச் சுற்றி வட்டமாகக் கிழிந்துவிடும். கிழியாமல் காப்பது, தரைக்கு அடியில் வைக்கும் வலுவூட்டுத் தகடு. கார் பந்தய விதிகள் புதிதாகப் போடும் ஒவ்வொரு பிடிமானத்துக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கேட்கின்றன. நான் லேத்தில் 75-க்கு 75 மில்லிமீட்டர் தகடுகளை 4 மில்லிமீட்டர் இரும்பில் வெட்டச் சொன்னேன். அது 56 சதுர சென்டிமீட்டர். மூலைகளை வட்டமாக அரைத்துவிடச் சொல்லுங்கள், ஏனெனில் கூர்மையான மூலையில்தான் தரை முதலில் கிழியத் தொடங்கும். அடிச்சட்டத்தை ஒட்டிய இடம் கிடைத்தால், தகட்டை ஆங்கிள் போல் மடித்து ஒரு கையைத் தரைக்கும் மறு கையைச் சட்டத்துக்கும் கொடுப்பது இன்னும் நல்லது.

போல்ட்டில் பலர் தவறுகிறார்கள். சீட் பெல்ட்டின் உலகப் பொது மரை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. அதாவது விட்டம் 11.1 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் கேட்டால் 10 அல்லது 12 மில்லிமீட்டர் போல்ட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். பத்து மில்லிமீட்டர் போல்ட் துளையில் ஆடும், பன்னிரண்டு நுழையாது, இரண்டையும் பலவந்தமாக முறுக்கினால் மரை போய்விடும். பெல்ட்டோடு வந்த போல்ட்டையே பயன்படுத்துங்கள். வேறு வாங்க நேர்ந்தால் கார் உதிரிபாகக் கடையில் வாங்கி, தலையைப் பாருங்கள்: அங்குலப் போல்ட்டில் ஆறு கோடுகள் இருந்தால் அது எட்டாம் தரம்.

வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி வயர்களைக் கழற்றி, சமையல் கேஸ் சிலிண்டரையும் மெத்தை, திரைச்சீலை அனைத்தையும் வெளியே எடுத்து, அருகில் எரிபொருள் குழாய் இருந்தால் டேங்கையே இறக்கிவிடுங்கள். நனைத்த சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். நட்டைத் தகட்டோடு வெல்டிங் செய்யலாம். போல்ட்டின் மேல் ஒருபோதும் வெல்டிங் வைக்காதீர்கள், சூட்டில் அதன் வலிமை போய்விடும். தகட்டை இடத்தில் பற்றவைத்து, துளையை முதலில் 4 மில்லிமீட்டரிலும் பிறகு படிப்படியாக 11.5 வரையிலும் திறந்து, மேலே பிசிறைத் தேய்த்துவிடுங்கள்.

வர்ணம் அடிக்க நம் மாவட்டத்தில் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நமக்கு உண்டு. ஈரக் காற்றில் அடித்த பிரைமருக்கு அடியிலேயே துரு தொடங்கிவிடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரங்கள், வெல்டிங் தழும்பு, துளையின் உள்சுவர் எல்லாவற்றுக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கை அடித்து, காய்ந்த பின் சீலன்ட் தடவி, கடைசியாகத்தான் அண்டர்கோட்டிங்.

பூட்டுதலும் சோதனையும்

பெல்ட்டின் முனையில் போல்ட் நுழையும் கொக்கித் தகடு, போல்ட்டைச் சுற்றித் தாராளமாகத் திரும்ப வேண்டும். அதற்காகவே தலைக்குக் கீழே தடித்த ‘தோள்’ வைத்த போல்ட்டும் வளையமும் தரப்படுகின்றன. தாளில் காட்டிய வரிசை மாறி, கொக்கி இறுகிப்போனால், இழுப்பு வரும் திசைக்கு அது திரும்பாமல் நாடாவின் ஓரத்தை அறுக்கும். இறுக்க வேண்டிய அளவும் தாளில் இருக்கும், பொதுவாக 40 நியூட்டன் மீட்டரை ஒட்டி. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர்கள் 20 சென்டிமீட்டர் பிடியுள்ள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ தொங்குவதாக நினைத்துக்கொள்ளலாம், என்றாலும் அன்று ஒரு நாளைக்காவது ரென்ச்சை இரவல் வாங்குவதே மேல். முடிந்ததும் போல்ட் தலையின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் வர்ணக் கோடு போடுங்கள். கோடு பிளந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

வீட்டில் 13,500 நியூட்டன் சோதனை செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்; அவ்வளவு இழுத்த பெல்ட் அதோடு குப்பைக்குத்தான் போக வேண்டும். நாடாவைத் தொடாமல், கொக்கித் தகட்டில் மட்டும் செயின் பிளாக்கை மாட்டி நூறு, நூற்றைம்பது கிலோ அளவில் மெதுவாக இழுத்து, அடியில் ஒருவர் டார்ச் அடித்துத் தகடு அசைகிறதா, வெல்டிங்கில் கீறல் விழுகிறதா என்று பார்த்தால் போதும். மோசமான வேலை இதிலேயே வெளிப்பட்டுவிடும். பிறகு ரீலிலிருந்து நாடாவைக் கையால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். உடனே பூட்ட வேண்டும். ஆளில்லாத சாலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அழுத்தும்போதும் பூட்ட வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றத்தில் வண்டி நிற்கும்போது பெல்ட் வெளியே வர மறுத்தால், ரீலின் சாய்வு தவறு. கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் பெல்ட் அப்படியே பொருந்தாது. பட்டை கழுத்தில் ஏறுகிற உயரமுள்ள பிள்ளைக்கு, சான்று பெற்ற உயர்த்தும் இருக்கையை மூன்று முனை பெல்ட் உள்ள இடத்தில் வையுங்கள். தலையணை வைத்து உயர்த்தாதீர்கள், அது நழுவும். மடியில் குழந்தையை வைத்து இருவரையும் ஒரே பெல்ட்டில் கட்டுவது, பெரியவரின் எடை முழுவதையும் குழந்தையின் மேல் ஏற்றுவதாகும்.

சொத்தவிளையிலோ முட்டத்திலோ கடலில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஏறும் குடும்பங்கள் இன்னும் ஒன்றைச் செய்ய வேண்டும். வீடு திரும்பியதும் நாடாவை முழுவதுமாக வெளியே இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காய்ந்த பிறகே ரீலுக்குள் போக விடுங்கள். பக்கிளில் மணல் புகுந்தால் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, காற்று அடித்து எடுங்கள். தேங்காய் எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அந்த மஞ்சள் கோடுகளையும், அடியில் தகட்டின் நான்கு ஓரங்களையும், அதே மழுங்கிய ஸ்க்ரூடிரைவரோடு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.